விளக்கு எரிந்தால் தரையைத் தட்டவும்

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் எப்படி? ஆயுசு முழுக்க லிஃப்ட் ரிப்பேர் செய்தவன் மாடிப்படி ஏறிக் காலைக் கெடுத்துக்கொண்டான் என்றால் ஊர் சிரிக்கும். பார்த்து நட.

எங்கள் தெருவில் ஊரடங்கு போட்டுப் பத்து நாள் ஆகிறது. பஸ் இல்லை, கடை பாதி நாள்தான். தபால்காரர் மட்டும் வாரம் இரண்டு தடவை வந்து, கடிதத்தைப் படியில் வைத்துவிட்டுப் பாம்பைக் கண்டவர் போல நகர்ந்துவிடுகிறார்.

போனில் பேசலாமே என்று உன் வீட்டுக்காரி சொல்வாள். போன மாதம் பேசிப் பார்த்தோமே. போன் அடித்தால் எரியும்படி நீ மாட்டிக் கொடுத்த பச்சை விளக்கு எரிந்தது. அதன் கீழே நீ கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ளபடி, துடைப்பக்கட்டையால் தரையைத் தட்டினேன். கீழ்வீட்டு டீச்சர் ஓடி வந்து ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, நீ சொன்னதை எனக்கு எழுதிக் காட்டினாள். நீ சொன்னது பாதி, அவள் சேர்த்துக்கொண்டது பாதி. நாம் இருவரும் சண்டை போடக்கூட முடியவில்லை. எனக்குக் கடிதம்தான் சரி.

ஒரு கஷ்டம் சொல்கிறேன். ஊரே மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டுவிட்டது. நூல் மில்லில் முப்பத்தெட்டு வருஷம் மிஷின் சத்தத்தில் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொண்டோம். காது போன பிறகும் எனக்கு அது கைகொடுத்தது. இப்போது உதடும் இல்லை. அவர்கள் வாயை மூடினால் எனக்குக் காதை அடைத்த மாதிரி ஆகிறது.

பதினாறாம் தேதி கண்ணுக்கு ஊசி. சீட்டில் தேதி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், போய் வந்துவிடுவேன். நீ கவலைப்படாதே.

உன் அக்கா

*

ஏப்ரல் 17

அக்காவுக்குத் தம்பி வணக்கமாக எழுதுவது,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, ஆனால் நடக்கிறது. நேற்று ஊசி போட்டாச்சா? ஆறு வாரத்துக்கு ஒரு தடவை தவறாமல் போட வேண்டும் என்று அந்த டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. போட்ட பிறகு ஒரு வரி எழுது.

எங்கள் கட்டிடத்து லிஃப்டில் ஒரு நேரத்துக்கு ஒருவர்தான் போக வேண்டுமாம். பித்தானை விரலால் தொட பயந்து முழங்கையால் இடிக்கிறார்கள். இரண்டாவது மாடிக்காரர் தீக்குச்சியால் அழுத்துகிறார், குச்சி உள்ளே முறிந்து போனால் என்னைத்தானே கூப்பிடுவார்.

அதனால்தான் ஒரு நல்ல முடிவு எடுத்திருக்கிறேன். ரிட்டயராகி நாலு வருஷம் ஆகியும் 'லிஃப்ட் நின்னுபோச்சு, வாங்க' என்று ஊரெல்லாம் கூப்பிடுகிறது. உன் தம்பி பெண்டாட்டி என் கையில் சத்தியம் வாங்கிக்கொண்டாள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுப்பதில்லை. வெளியே போய்த் தொற்றை வாங்கி வராமல் இருக்க இதுதான் வழி என்கிறாள். எனக்கும் ஒரு விதத்தில் நிம்மதியாக இருக்கிறது.

ஊசியைப் பற்றி எழுது.

உன் தம்பி

*

மே 2

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். உன் கடிதம் கிடைத்தது. தீக்குச்சிக்காரரை நினைத்து இரண்டு நாள் சிரித்தேன்.

இங்கே வெயில் ஏறிவிட்டது. கீழ்வீட்டு டீச்சர் காலையிலிருந்து மாலை வரை கம்ப்யூட்டருக்குப் பாடம் நடத்துகிறாள். பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்களாம். எனக்குப் பார்க்கத் தனியாக உட்கார்ந்து சண்டை பிடிக்கிறவள் மாதிரி இருக்கிறது. அவளிடம் உப்புக் கேட்கக் கூட இப்போது சீட்டு எழுதி கயிற்றில் கட்டி இறக்குகிறேன். அவள் பதில் எழுதி உப்போடு ஏற்றிவிடுகிறாள். உன் லிஃப்ட் வேலை எனக்கும் வந்துவிட்டது.

வேறு விசேஷம் இல்லை. நான் நலமாகத்தான் இருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், நேரத்துக்குத் தூங்குகிறேன். போன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன், அங்கே கொஞ்சம் காற்று வருகிறது. வீணாகக் கவலைப்படாதே, நான் நலம்.

உன் வீட்டுக்காரியிடம் கேட்டதாகச் சொல். நாத்தனார் என்றால் குறைதான் சொல்வாள் என்று நினைக்க வேண்டாம், போன் விஷயத்தில் அவள் செய்தது சரிதான். ஓய்வென்றால் ஓய்வாக இருக்க வேண்டும்.

உன் அக்கா

*

மே 12

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

ஒரு கடிதத்தில் மூன்று தடவை 'நான் நலம்' என்று எழுதியிருக்கிறாய். ஒரு தடவை எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் இரண்டு தடவை கேட்டிருந்தேன்.

இன்னொன்று. லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளத்தை நூல் பிடித்து நிறுத்துவதுதான் என் வேலையாக இருந்தது. ஒரு நூல் அளவு சாய்ந்திருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. உன் போன வருஷத்துக் கடிதத்தையும் இந்தக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளவுகோலால் பார்த்தேன். போன வருஷம் கோடு போடாத தாளிலும் உன் வரிகள் தறியில் ஓடின மாதிரி நேராக இருக்கின்றன. இதில் ஒவ்வொரு வரியும் நடுவில் பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறுகிறது. ஓர் இடத்தில் எழுதின வார்த்தை மேலேயே இன்னொரு வார்த்தையை எழுதியிருக்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே அக்கா.

ஊசி போட்டாயா இல்லையா?

இங்கே எனக்கு ஓய்வுதான். நேற்றுக் காலையில் கூட ஒரு தெரியாத எண். விடாமல் அடித்தது. எந்த லிஃப்டில் எவர் மாட்டிக்கொண்டாரோ, நான் எடுக்கவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றியதற்கு உன் தம்பி பெண்டாட்டி எனக்கு இரண்டாவது டம்ளர் காபி கொடுத்தாள்.

உன் தம்பி

*

மே 24

அன்புள்ள தம்பிக்கு,

உன் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா? வெந்நீர் ரொம்பச் சூடாக வேண்டாம்.

வரி வளைந்ததற்கு நான் என்ன செய்ய? மேஜையின் ஒரு கால் குட்டை. ஆடுகிற மேஜையில் எழுதினால் வரியும் ஆடத்தான் செய்யும். அக்கா கடிதத்தை அளவுகோல் வைத்து அளக்கும் தம்பியை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. நல்லவேளை, நீ பள்ளிக்கூட வாத்தியாராகப் போகவில்லை.

டீச்சர் வீட்டில் எல்லோரும் நலம்.

உன் அக்கா

*

ஜூன் 2

அக்கா,

அந்த மேஜையின் காலை அறுத்துச் சரிசெய்தவன் நான். மேலே ஆள் ஏறி நின்றாலும் அது ஆடாது.

டாக்டர் கொடுத்த கட்டம் போட்ட தாள் உன் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. தினமும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் அதைப் பார்க்க வேண்டும், கோடு வளைந்து தெரிந்தால் உடனே வர வேண்டும் என்று உனக்குச் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் அதைப் பார். பார்த்ததை அப்படியே எழுது. எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

உன் தம்பி

*

ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

போய்ப் பார்த்தேன். இதற்கு முன்னாலும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வலது கண்ணில் கோடுகள் லேசாக நெளிகின்றன. இடது கண்ணில் நடுவில் உள்ள கட்டங்கள் இல்லை. அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு காசளவு கறை. நீ எழுதும் வார்த்தையைப் பார்த்தால் அந்த வார்த்தை மறைந்து, அதற்குப் பக்கத்து வார்த்தை தெரிகிறது. உன் ஜூன் மாதக் கடிதம் சின்னதாக இருந்ததால் அரை மணியில் படித்துவிட்டேன். மே மாதக் கடிதத்துக்கு ஒரு பகல் ஆனது.

ஊசி போடவில்லை. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. ஏப்ரல் பதினாறாம் தேதி விடிந்ததும் நடந்தே போனேன். பஸ் இல்லையே, ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரி கேட் சாத்தியிருந்தது. காவலாளி மூடிய வாயோடு ஏதோ சொல்கிறார், சொல்கிறார், எனக்கு ஒன்றும் புரியவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, அவர் பாவம் ஊதிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஓர் அட்டையைக் கிழித்து எழுதிக் காட்டினார்: 'வயசானவங்க வெளிய வரக் கூடாது. தேதி எல்லாம் ரத்து. நாங்களே போன் பண்ணுவோம். வீட்டுல இருங்க.' நல்ல மனுஷர். கையெடுத்துக் கும்பிட்டு எழுதிக் காட்டினார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து போன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். காற்று வருகிறது என்று உனக்கு எழுதியது பொய். குளிக்கப் போனாலும் கதவைத் திறந்துவைத்து விளக்கைப் பார்த்தபடிதான் குளிக்கிறேன். பச்சை விளக்கு இரண்டு மாதத்தில் ஒரு தடவை எரிந்தது. துடைப்பக்கட்டையால் நான் தட்டின தட்டில் டீச்சர் பாதிப் பாடத்தில் எழுந்து ஓடி வந்தாள். யாரோ கேஸ் சிலிண்டர் வேண்டுமா என்று கேட்டார்களாம். டீச்சரும் எனக்காக ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை போன் போட்டுப் பார்த்தாள், லைன் கிடைக்கவில்லை. அவளுக்கும் வேலை இருக்கிறது. அவர்களே கூப்பிடுவதாகச் சொன்ன பிறகு தொந்தரவு செய்வது எப்படி என்று விட்டுவிட்டேன்.

எல்லோரும் வயதானவர்களைப் பத்திரமாக வீட்டுக்குள் இருக்கச் சொல்கிறார்கள். நம் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் வீட்டுக்குள் பத்திரமாக இருந்துகொண்டே குருடாவதற்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

தம்பி, எனக்குப் பயமாக இருக்கிறது. காது போனபோது நான் அழவில்லை. கண் இருக்கிறதே, உதட்டைப் பார்ப்பேன், கடிதம் படிப்பேன் என்றிருந்தேன். கண்ணும் போய்விட்டால் என்னிடம் யார் எப்படிப் பேசுவார்கள்? நீ சொல்வது எந்த வழியாக எனக்குள் வரும்? இதை உனக்கு எழுதக் கூடாது என்றுதான் மேஜைக் காலைக் குறை சொன்னேன். நீ அங்கே இருந்துகொண்டு என்ன செய்ய முடியும், வீணாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

ஜூலை 1

தம்பிக்கு,

நீயும் அவளும் நலம்தானே? நான் எழுதிப் பதினேழு நாள் ஆகிறது. தபால்காரர் நாலு தடவை வந்து போய்விட்டார். பக்கத்து வீட்டுக்குக் கடிதம் வருகிறது.

என் கடிதம் உன்னைக் கலங்கடித்துவிட்டதோ? அப்படியென்றால் அதைக் கிழித்துப் போடு. கண்ணைப் பற்றி எழுத வேண்டாம். தீக்குச்சிக்காரரைப் பற்றி எழுது. பெரிய எழுத்தில் எழுது.

அக்கா

*

ஜூலை 7

அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் நீ போய் வந்திருப்பாய். ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். நேற்று நான் கூப்பிட்டு விளக்கு எரிந்ததும், நீ ரிசீவரை எடுத்து வைத்துவிட்டுத் தட்டியதால் டீச்சர் ஓடி வந்தது வரைக்கும் எனக்குப் போனில் கேட்டது. நீ தட்டின சத்தம் கூடக் கேட்டது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி உன் வாசலுக்கு வரும். அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கென்று வியாழன் காலையை ஒதுக்கியிருக்கிறார்கள். மே மாதத்திலிருந்தே அந்த ஏற்பாடு இருக்கிறதாம், வண்டியும் அவர்களே அனுப்புகிறார்கள். உன் கடிதம் வந்த நாளிலிருந்து பொழுது விடிந்தால் போன், பொழுது சாய்ந்தால் போன். பன்னிரண்டு நாள் கழித்துத்தான் ஆள் பேசினார்கள், அதுவரை வெறுங்கையோடு உனக்கு எழுத மனம் வரவில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும், ஆஸ்பத்திரி லைனும் கிடைக்கும்.

உன்னை ஏன் அதுவரை கூப்பிடவில்லை என்று கேட்டேன். பட்டியலில் ஏதோ நம்பர் குளறுபடி என்றார்கள். அதை விடு. உனக்குக் காது கேட்காது, முகத்தை மூடிக்கொண்டு பேசினால் புரியாது, எழுதிக் காட்ட வேண்டும் என்று மூன்று தடவை சொல்லி எழுதிக்கொள்ளச் செய்திருக்கிறேன். கண்ணாடியை எடுத்துக்கொள். பழைய சீட்டையும் எடுத்துக்கொள்.

ஊசி போட்டதும் எழுது. வரி எப்படி வளைந்தாலும் பரவாயில்லை.

உன் தம்பி

*

ஜூலை 13

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் விஷயம். வலது கண் தப்பித்தது.

இப்போது ஆர அமரச் சொல்கிறேன். இரண்டு கண்ணுக்கும் ஊசி போட்டார்கள். வலது கண்ணில் நெளிவு குறையும், இனி வேளை தவறாமல் ஊசி போட்டால் கடைசிவரை படிக்கலாம், எழுதலாம். இடது கண்ணில் போனது போனதுதான், ஆனால் கறை இதற்கு மேல் பரவாமல் நிறுத்திவிடலாம். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் வலதும் அதே கதிதான் என்று டாக்டர் எழுதிக் காட்டினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எனக்கு ஒன்றரைக் கண்ணோடு கிடைத்துவிட்டது. பாக்கி அரைக் கண்ணுக்காக யாரோடும் வழக்குப் போட மாட்டேன்.

வண்டி ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டது. உள்ளே என்னை மாதிரி மூன்று பேர், ஆளுக்கொரு ஜன்னல் பக்கம். மூன்று மாதம் கழித்துத் தெருவைப் பார்த்த சந்தோஷத்தில் எவரும் ஊசியை நினைத்ததாகத் தெரியவில்லை. ஒரு பெரியவர் ஒவ்வொரு கடையையும் சுட்டிக்காட்டி அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தன் துணைக்கு ஒப்பித்துக்கொண்டே வந்தார், அவர் கையாட்டலிலேயே எனக்குப் புரிந்தது. கேட்டில் அதே காவலாளி. என்னை அடையாளம் கண்டு கேட்டை அகலத் திறந்துவிட்டார்.

ஒரு நர்ஸ், சின்ன வயது. முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. ஒரு பழைய அட்டையின் பின்பக்கத்தில் மை பேனாவால் தேங்காயளவு எழுத்தில் எழுதிக் காட்டினாள். 'பயப்படாதீங்கம்மா.' சரி என்றேன். 'வலிக்காது.' அது பொய். போட்டு முடித்ததும் அட்டையை வாங்கி 'வலிக்காது' என்பதை அடித்துவிட்டு 'கொஞ்சம் வலிக்கும்' என்று திருத்திக் கொடுத்தேன். அவள் சிரித்தாள் என்று நினைக்கிறேன், தோள் குலுங்கியது. அடுத்த ஆளுக்கு அந்தத் திருத்தின அட்டையையே காட்டினாள்.

வெளியே வரும்போது பதிவுப் பெண் என் கோப்பைத் திறந்து ஒரு தாளைக் காட்டி ஏதோ எழுதிக் கேட்டாள். நான் பதில் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியைப் போன் பக்கத்திலிருந்து எடுத்து ஜன்னல் பக்கம் போட்டேன். அங்கேதான் நிஜமாகவே காற்று வருகிறது. உட்கார்ந்து நன்றாக அழுதேன். கண்ணுக்கு ஆகாது என்று நினைவு வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

நீ செய்த காரியம் தம்பி இது. உன் வீட்டுக்காரிக்கும் என் அன்பு.

உன் அக்கா

*

ஜூலை 25

அக்காவுக்கு,

உன் கடிதத்தை உன் தம்பி பெண்டாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். 'வலது கண் தப்பித்தது' என்ற இடத்தில் கடிதத்தை அவளிடம் நீட்டிவிட்டேன். அவள் வாங்கி மீதியை எனக்கு வாசித்தாள். உன் தம்பி அழுதான் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

நீ செய்த காரியம் என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், நான் செய்த காரியம்தான். இரண்டு வாரமாக இதை எழுத உட்கார்ந்து எழுந்து போகிறேன்.

நம்பர் குளறுபடி என்றேனே, அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. லைன் கிடைத்த அன்று அந்தப் பெண் பட்டியலைப் பார்த்துச் சொன்னாள்: 'மூணு வாட்டி கூப்பிட்டோங்க. யாரும் எடுக்கல. அதான் பேரை கடைசிக்குத் தள்ளிட்டோம்.' எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஓர் அம்மா இரண்டு மாதமாகப் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் கூப்பிட்டதாகப் பொய் சொல்கிறீர்கள் என்று கத்தினேன். எந்த நம்பருக்குக் கூப்பிட்டீர்கள், படியுங்கள் என்றேன். அவள் பொறுமையாக ஒவ்வொரு இலக்கமாகப் படித்தாள். ஐந்தாவது இலக்கத்திலேயே எனக்கு வேர்த்துவிட்டது. அது என் நம்பர் அக்கா.

நாலு வருஷத்துக்கு முன்னால் உன்னை முதல் தடவை அங்கே கூட்டிப்போனபோது படிவத்தை நிரப்பியவன் நான். அக்காவுக்குக் காது கேட்காதே, அவளுக்குப் போன் செய்து என்ன பயன் என்று என் நம்பரை எழுதினேன். அன்று சாயங்காலம்தான் உன் போனில் அந்த விளக்கை மாட்டினேன். மாட்டின பெருமையில் படிவம் மறந்தே போய்விட்டது. அப்புறம் ஒவ்வொரு தடவையும் சீட்டில் தேதி போட்டுத் தந்துவிட்டார்கள், யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

என் போனை எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல் இருபத்தெட்டு, மே பதினொன்று, மே இருபது. மூன்றும் ஒரே எண். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையை என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். நீ அங்கே விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மணி இங்கே அடித்தது. நான் அதைக் கேட்டுக்கொண்டே காபி குடித்தேன்.

நாற்பது வருஷம் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கியவன் நான். எவர் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் போயிருக்கிறேன். என் அக்கா மாட்டிக்கொண்டபோது எடுக்கவில்லை. உன் இடது கண்ணில் இருக்கும் கறை என் கை அழுக்கு. உன் தம்பி பெண்டாட்டி தன்னால்தான் என்று ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் சத்தியம் வாங்கினாள், ஆனால் யோசித்திருக்க வேண்டியவன் நான்.

ஆஸ்பத்திரியில் சொல்லி அந்த நம்பரை மாற்றிவிடு. டீச்சர் நம்பரைக் கொடு. நம்பத் தகுந்த ஆளாக யாரையாவது கொடு.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 5

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான் நலம். ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன், நம்பு. உன் கடிதத்தைக் காபி ஆறுவதற்குள் படித்துவிட்டேன். நீயும் அவளும் வேளைக்குச் சாப்பிடுங்கள். இது அக்காவின் உத்தரவு. போன் எடுக்காதே என்று அவள் சொன்னதைப் பாராட்டினவள் நான், ஞாபகம் இருக்கட்டும். அவள் பட்டினி கிடந்தால் நானும் கிடக்க வேண்டும்.

நீ எழுதியது எனக்கு ஜூலை ஒன்பதாம் தேதியே தெரியும்.

பதிவுப் பெண் ஒரு தாளைக் காட்டினாள் என்றேனே, அது நீ நிரப்பின படிவம். எனக்கு அப்போது எழுத்து நெளிந்து நெளிந்துதான் தெரிந்தது. ஆனால் ஏழு எழுதும்போது நடுவில் குறுக்கே ஒரு கோடு இழுப்பவன் என் தம்பி ஒருவன்தான். நம்பரைப் பார்த்தேன், உன் மே மாதக் கடிதம் ஞாபகம் வந்தது. விடாமல் அடித்தது, நான் எடுக்கவில்லை என்று நீயே எழுதியிருந்தாய். ஒரு நிமிஷம் எனக்குக் கோபம் வந்தது. வரவில்லை என்று சொல்ல மாட்டேன். படி இறங்கி வண்டியில் ஏறும் வரைக்கும் உன்னை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

வண்டி நகர்ந்ததும் யோசித்தேன். நான் ஏப்ரலிலேயே ஊசி போடவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் நீ மே மாதமே அந்த லைனைப் பிடித்திருப்பாய். நீ போனை எடுக்கவில்லை, நான் வாயைத் திறக்கவில்லை. நாம் இரண்டு பேரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. கறையைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம். முழுதையும் நீயே வைத்துக்கொள்ள நான் விட மாட்டேன், சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் குணம் உண்டு.

நீயாகச் சொல்கிறாயா பார்க்கலாம் என்றுதான் அந்தக் கடிதத்தில் எழுதாமல் விட்டேன். சொல்லிவிட்டாய். சந்தோஷம்.

வலது கண்ணில் கட்டத்தாள் ஏறக்குறைய நேராகிவிட்டது. ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு கோடு சற்றே முறைத்துக்கொண்டு நிற்கிறது. இந்தக் கடிதத்தை நீ அளவுகோல் வைத்துப் பார்ப்பாய் என்று தெரியும். பார்த்துக்கொள்.

அந்தப் பதிவுப் பெண் என்ன கேட்டாள் தெரியுமா? 'இந்த நம்பரை மாத்தணுமாம்மா?' என்று எழுதிக் கேட்டாள். வேண்டாம், அது என் தம்பியின் நம்பர், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த ஊசி இருபதாம் தேதி. வண்டி வரும் நேரத்தை முந்தின நாள் போனில் சொல்வார்களாம். அங்கே மணி அடித்தால் நீ எடு. இங்கே விளக்கு எரிந்தால் நான் தரையைத் தட்டுகிறேன்.

உன் அக்கா